உலகச் சாம்பியனுக்கு நான் எழுதிய இரண்டு பொய்ச் சீட்டுகள்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஜப்பான்காரர்கள் வருவதற்கு முன், மலாயாவில் சிம்பாங் ரெங்கத்துக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த மாரிமுத்து, கிளப்புகளுக்கிடையே நடந்த குத்துச்சண்டைப் போட்டிகளில் பதின்மூன்று முறை மேடையேறிப் பதினொரு முறை வென்றார். பரிசுகள்: கோப்பைகள், ஒரு குடை.

2. ஜப்பான்காரர்கள் வந்தார்கள். கிளப்புகள் மூடிக்கொண்டன. ஜோகூர் பாருவில் ஒரு கேளிக்கைப் பூங்கா திறந்தது. மாரி அங்கே அரிசிக்குச் சண்டை போடும் தொழில்முறை வீரரானார்.

3. ஒன்றரை ஆண்டுக்குள் இரண்டு எடைப் பிரிவுகளில் உலகச் சாம்பியன் ஆனார். எந்த உலகம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

4. அவருடைய அண்ணனைச் சயாமுக்கு ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

5. மாரியின் இடது கண் கெட்டுக்கொண்டே வந்தது. அதைக் கண்டுபிடிக்க வேண்டியது என் வேலை. நான் கண்டுபிடிக்கவில்லை.

6. அவர் மேடையேறத் தகுதியானவர் என்று ஒரு பொய்ச் சீட்டு எழுதினேன்.

7. ஒன்பது நாள் கழித்து இன்னொரு பொய்ச் சீட்டு எழுதினேன்.

ஆறாவதையும் ஏழாவதையும் இடம் மாற்றிப் போட்டிருக்கலாம். இந்த நினைப்பு வந்தால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. இதைக்கூட நான்கு முறை எழுந்துபோய்த்தான் எழுதுகிறேன்.

எழுதச் சொன்னவர்கள் எங்கள் ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில் இருக்கும் பயிற்சி நர்ஸுகள். குத்துச்சண்டை மேடைகளுக்கு இப்போது புது விதி வந்திருக்கிறது. வீரரின் மூலையில் ஆண்கள் மட்டுமே நிற்கலாம். காயம் பார்க்க டாக்டர் ஒருவர் இருக்க வேண்டும். ஆகவே இருபத்தேழு வயதில் நான் அந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். ஓய்வு என்று சொன்னால் அந்தப் பெண்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு, "அக்கா, உங்க லிஸ்ட்ட மட்டும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்று கேட்டார்கள். பட்டியலை மட்டும் கொடுத்தால், அதிலிருந்த தவறையும் சேர்த்துத்தான் கொடுப்பேன். அதனால் முழுவதையும் எழுதுகிறேன்.

அப்பா குளுவாங் ரயில் நிலையத்தில் கிளார்க். நான் நர்ஸுப் பயிற்சிக்கு ஜோகூர் பாரு போனேன். மூன்று ஆண்டுப் படிப்பில் இரண்டரை ஆண்டு முடிந்தபோது குண்டு விழுந்தது. மீதி அரை ஆண்டைக் காயம்பட்டு வந்தவர்களிடம் படித்தேன். பிறகு குளுவாங்கில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை.

ஒரு நாள் மத்தியானம் புறநோயாளிப் பகுதிக்கு ஒருவர், உதடு கிழிந்த இளைஞன் ஒருவனை அழைத்துக்கொண்டு வந்தார். நான்கு தையல் போட்டேன். இருவரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் அவர் தனியாக வந்தார்.

"இங்க கட்டுப் போடுற டிரஸ்ஸர் ரத்தத்தப் பாத்தா கதை சொல்ல ஆரம்பிச்சிடுறாரு. எனக்குப் பேசாத ஆளு வேணும். ஞாயித்துக்கிழமை வர்றீகளா, ஆச்சி?"

அவர்தான் சோலையப்பன். எல்லோருக்கும் செட்டியார். ஜோகூர் பாருப் பூங்காவுக்காகக் குளுவாங்கில் வீரர்களைச் சேர்த்துப் பழக்கி மேடையேற்றுபவர். யுத்தத்துக்கு முன், வட்டிக்குக் கொடுக்கும் ஒரு செட்டியார் கிட்டங்கியில் ஏஜென்டுக்கு அடுத்தாளாக வேலை பார்த்தவர். கப்பல் நின்றுபோனதால் ஊர் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டார். பத்து வயதுப் பெண்ணானாலும் அறுபது வயதுப் பெண்ணானாலும் அவருக்கு ஆச்சிதான். எனக்கு அப்போது இருபத்தொன்று.

அவரை ஐந்து விஷயங்களில் சொல்லிவிடலாம். சத்தம் போட மாட்டார். இடது தோளில் நாலாக மடித்த வெள்ளைத் துண்டு இருக்கும். மேடைக்குள் எறிந்தால் சண்டையை நிறுத்தும் துண்டு அதுதான். கடினமான கேள்வி வந்தால் அதைப் பிரித்து உதறி, மறுபடி நாலாக மடித்துத் தோளில் போட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார். அதற்குள் கேட்டவருக்குப் பாதிக் கோபம் போய்விடும். மூலையில் அவர் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "நிக்குமா, ஆச்சி?" ரத்தம் நிற்குமா என்று அர்த்தம். நான் "நிக்கும்" என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே ஒரு நிமிடம். அதில் எனக்குக் கிடைப்பது நாற்பத்தைந்து நொடி. வீரர் உட்காரும்போதே வலது கையால் பின்னந்தலையைப் பிடித்துவிட வேண்டும்; தலை ஆடினால் எல்லாம் வீண். ஈரத்துணியால் ஒரே ஒரு முறை துடைக்க வேண்டும். இரண்டு முறை துடைத்தால் உறைந்ததும் பெயர்ந்து வந்துவிடும். பிறகு காயத்தின் மேல் பஞ்சை வைத்து முப்பது வரை எண்ணி அழுத்த வேண்டும். நடுவே தூக்கிப் பார்க்கக் கூடாது. ரத்தம் நிறுத்தும் ஊசிமருந்து முதல் ஆண்டிலேயே தீர்ந்துபோனது. முடிதிருத்துபவர் வைத்திருக்கும் படிகாரத்தை இடித்துத் துணியில் சலித்து வைத்துக்கொண்டேன். மேலே பூச, தேங்காய் எண்ணெயில் தேன்மெழுகு காய்ச்சினேன். படிகாரம் கண்ணுக்குள் விழுந்தால் எரியும். அதனால் கண்பக்கம் என் இடது கை விரலை அணைபோல வைத்துக்கொள்வேன்.

இது மேடையில். அதற்கு ஒன்பது நாள் முன்பு ஆஸ்பத்திரியில் நான் எழுதும் தகுதிச் சீட்டு ஒன்று உண்டு. பதினொரு சோதனைகள். ஏழாவது கண். சுவரில் ஆங்கில எழுத்து அட்டை. முதலில் வலது கண், மேலிருந்து கீழே. பிறகு இடது கண், மேலிருந்து கீழே. ஒவ்வொரு வீரருக்கும், ஒவ்வொரு முறையும், இதே வரிசை. அந்த ஒழுங்கு எனக்குப் பெருமையாக இருந்தது.

மாரி என்னைவிட ஒரு வயது மூத்தவர். நிற்கத் தெரியாத மனிதர். சோதனை மேசையில் உட்கார வைத்தால் குதிகால் ஆடும். பூங்காச் சுவரொட்டியில் அவர் பெயர் 'ரெங்கம் மாரி'. முதல் பட்டத்தை அவருக்குக் கொடுத்தபோது சுவரொட்டியில் 'உலகப் பட்டம்' என்று போட்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. செட்டியார் துண்டை உதறி மடித்தார்.

"கடல் மூடிக் கெடக்கு. யாரும் வர முடியாது, யாரும் போக முடியாது. பிலிப்பீன்காரன், சீனன், ஜாவாக்காரன், மலாய்க்காரன், மாட்டுன அத்தன பேரும் இங்கதான் இருக்கான். அத்தன பேரையும் அடிச்சாச்சு. இப்ப நமக்குன்னு இருக்குற ஒலகம் இதுதான், ஆச்சி. இதுல அவந்தான் சாம்பியன்."

பெல்ட்டை அவரே செய்வித்தார். குதிரைச் சேணத் தோல். நடுவில், தட்டையாக அடித்த பித்தளைத் தாம்பாளம்.

மாரி இங்கிலீஷ் படித்தவரல்ல. ஆனால் கயிறு தாண்டும்போது என் கண் அட்டையைத்தான் தாளம் போட்டுச் சொல்வார். "ஈ... எஃப் பி... டி ஓ இசட்..." கயிறு தரையில் படும் ஒவ்வொரு முறையும் ஓர் எழுத்து. எல்லோரும் சிரிப்போம். "மிஸ்ஸிகிட்ட இங்கிலீஷ் படிக்கிறேன்லா" என்பார். எங்கள் பக்கம் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

குளுவாங்கில் நடந்த இரண்டாம் பட்டத்துக்கான சண்டையில், மூலையில் உட்கார்ந்தவர் இடது கையுறையால் முகத்துக்கு முன் எதையோ விரட்டிக்கொண்டே இருந்தார்.

"கொசு, மிஸ்ஸி."

குளுவாங்கில் கொசுவுக்கா பஞ்சம்? அடுத்த சண்டைக்கு வேப்பிலைப் புகை போட ஏற்பாடு செய்தேன். கண்ணுக்குள் பறக்கும் கொசு என்று ஒன்று உண்டு. விழித்திரை கழலத் தொடங்கும்போது அது தெரியும். இரண்டாம் ஆண்டுப் பாடத்திலேயே அதைப் படித்திருந்தேன்.

இனி அண்ணன். ரெங்கம் தோட்டத்தில் அரிசி கொடுப்பதாகச் சொல்லி தொழிலாளர் லயத்து ஆண்களை வரிசையில் நிற்க வைத்தார்கள். வரிசையின் மறுமுனையில் லாரி நின்றது. மாரியின் அண்ணன் அன்று சாக்குப்பையோடு போனவர். அதன் பிறகு, மாரியைப் பிடிக்காமல் வைத்திருந்தது பூங்கா அதிகாரியின் முத்திரை குத்திய ஒரு தாள்தான். பட்டம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அந்தத் தாள். திங்கட்கிழமைதோறும் புது முத்திரை. அறிவித்த சண்டை நடக்காவிட்டாலும், நடந்து தோற்றாலும், அடுத்த திங்கள் முத்திரை கிடையாது. நகரத்தில் முத்திரை இல்லாத ஆண்களைத் தெருவிலேயே பிடித்தார்கள்.

குளுவாங் திடலில் பட்டத்தைத் தக்கவைக்கும் சண்டை என்று அறிவித்த வாரம், ஆஸ்பத்திரிச் சுவர்களிலிருந்து ஆங்கில எழுத்துகளை எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. என் அட்டையும் போயிற்று. பதிலுக்கு ஜப்பானிய அட்டை வந்தது. அதில் எழுத்தே இல்லை. வரிசை வரிசையாக வளையங்கள். ஒவ்வொன்றிலும் உடைந்த வளையல்போல ஒரு பக்கம் திறப்பு. திறப்பு மேலேயா, கீழேயா, வலமா, இடமா என்று சொன்னால் போதும்.

மாரி வலது கண்ணால் கடைசி வரிசைவரை தடங்கலின்றிச் சொன்னார். இடது கண்ணுக்கு வந்ததும் குதிகால் ஆட்டம் நின்றது.

"மேல... கீழ... மேல."

மூன்றும் தப்பு. மிகப் பெரிய வளையத்தைக் காட்டினேன். "வளையம் எங்க இருக்கு, மிஸ்ஸி?" என்று மெதுவாகக் கேட்டார். அருகில் போய் என் விரல்களை நீட்டினேன். ஒரு முழ தூரத்தில்தான் மூன்று என்றார்.

"எத்தனை மாசமா?"

"அந்தப் பிலிப்பீன்காரன் குத்துனதிலேர்ந்து. மொதப் பட்டத்துக்கு முன்னாடி." பிறகு அவரால் அடக்க முடியவில்லை. "ரெண்டு பட்டமும் ஒத்தக் கண்ணுல வாங்குனது, மிஸ்ஸி. வெளிய சொல்ல முடியல, அதான் வருத்தம்."

"அட்டையை எப்படிப் படிச்சீங்க?"

"எனக்கு முன்னாடி நாலு பேருக்கு நீங்க அதையேதான கேட்டீங்க. வெளிய பெஞ்சுல உக்காந்திருப்பேன். நீங்க வரிச மாத்தவே மாட்டீங்க."

நான் சீட்டை எழுதாமல் எழுந்தேன். மாரி மேசையிலிருந்து இறங்கவில்லை.

"ரெண்டு கண்ணையும் பத்தரமா வச்சுக்கிட்டுச் சயாமுக்குப் போயி நான் என்ன பாக்கப்போறேன், சொல்லுங்க. எங்கண்ணனுக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருந்துச்சு."

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து ரயில் நிலையத்துக்கும், அங்கிருந்து திரும்பவும், மூன்று முறை நடந்தேன். மூன்றாவது நடையில் செட்டியாரைப் போய்ப் பார்த்தேன். பழகும் கொட்டகையில் மணல் மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"மாரிக்கு இடது கண் இல்ல. உங்களுக்குத் தெரியுமா?"

துண்டை உதறினார். மடித்தார்.

"தெரியும்னா கோவப்படுவீக. தெரியாதுன்னா நம்ப மாட்டீக."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓராண்டாக அவர் மாரியிடம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: எதிராளியை வலப்பக்கத்திலேயே வைத்துக்கொண்டு சுற்று. அதை நான் ஒரு சண்டை உத்தி என்று நினைத்திருந்தேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் அட்டெண்டன்ட் வேலை ஒன்று காலியாக இருந்தது. ஆஸ்பத்திரி ஆட்களை யாரும் பிடிப்பதில்லை. ஆள் எடுப்பதும் டிரஸ்ஸர்தான். அவரிடம் கேட்டேன், மாரியை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். ஆனால் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்துதான். சண்டை அதற்குப் பத்து நாள் முன்பு. சண்டை ரத்தானால் அந்தப் பத்து நாளும் மாரி தாள் இல்லாமல் தெருவில் நிற்க வேண்டும். கணக்கு அவ்வளவுதான். நான் செட்டியாரிடம் மூன்று நிபந்தனைகள் சொன்னேன். இது கடைசிச் சண்டை. முதல் தேதி மாரி ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். அன்று துண்டு என் தோளில் இருக்கும்.

மூன்றாவதற்குத்தான் நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு துண்டை எடுத்து, பிரிக்காமலேயே, என் கையில் கொடுத்தார்.

சீட்டில் 'இடது கண்: சரி' என்று எழுதினேன். என் கையெழுத்து வழக்கம்போலத் தெளிவாக இருந்தது.

சண்டை ஞாயிறு பிற்பகல். எதிராளி லிம் என்ற சீன வீரர், உயரமானவர், அவசரப்படாதவர். முதல் ஐந்து சுற்றுகளில் மாரி சுற்றிச் சுற்றி ஆடினார். கூட்டம், "மாரி, டான்ஸ் ஆட வந்தியா?" என்று கத்தியது. மாரி அவர்களைப் பார்த்து ஒரு காலைத் தூக்கி ஆடிக் காட்டினார். இடது கண்ணைத்தான் நான் காத்துக்கொண்டிருந்தேன். ஆறாவது சுற்றில் கிழிந்தது வலது புருவம்.

நல்ல கண்ணின் மேல் ஒரு விரல்கடை நீளக் காயம். ரத்தம் நேராகக் கண்ணுக்குள் இறங்கியது. துடைத்தேன், அழுத்தினேன், முப்பது எண்ணினேன், படிகாரம் வைத்தேன், மெழுகு பூசினேன்.

"நிக்குமா, ஆச்சி?"

"நிக்கும்."

ஏழாவது சுற்று முழுவதும் நின்றது. எட்டாவது தொடங்கி ஒரு நிமிடத்துக்குள் லிம்மின் குத்து ஒன்று அதே இடத்தில் விழுந்து மெழுகோடு பெயர்த்துவிட்டது. மாரி கயிற்றோரமாகப் பின்வாங்கி எங்கள் மூலைக்கு வந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, வேறு யாருக்கும் எட்டாத குரலில் கேட்டார்:

"மிஸ்ஸி, அவன் எந்தப் பக்கம் நிக்கிறான்?"

லிம் நேர் எதிரே, இரண்டடி தள்ளி நின்றார்.

துண்டை எறிந்தேன். மடிப்புக் கலையாமல் மேடை நடுவில் போய் விழுந்தது. நடுவர் கையைத் தூக்கினார். மாரிக்கு அது விழுந்தது தெரியவில்லை. மணி அடித்த பிறகும் காவலாகக் கையைத் தூக்கியபடியே நின்றார். லிம் வந்து அவர் கையுறைகளைப் பிடித்து இறக்கிவிட்டு, "மாஃப், பாங்" என்று மன்னிப்புக் கேட்டார்.

ஸ்டூலில் உட்கார்ந்ததும் மாரி என்னிடம் சொன்னார்: "இன்னும் ரெண்டு சுத்துதான இருந்துச்சு. என்னக் கொன்னுட்டீங்க, மிஸ்ஸி."

அவர் சொன்னது சண்டையைப் பற்றியல்ல. மறுநாள் திங்கட்கிழமை.

தையல் போட அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். தைத்துக்கொண்டே பக்கத்துக் கட்டடத்தைப் பார்த்தேன். தொற்றுநோய் வார்டு. அங்கே வாந்திபேதி நோயாளிகள் ஆறு பேர். அதன் வாசலில் எந்தச் சிப்பாயும் கால் வைத்து நான் பார்த்ததில்லை. கடைசித் தையலுக்கு முடிச்சுப் போட்டுவிட்டு ஒரு நோயாளி அட்டையை எடுத்து, மாரிமுத்து, வாந்திபேதி, தனிமைப்படுத்தவும் என்று எழுதினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"எனக்குத்தான் வயிறு நல்லாருக்கே?" என்றார் மாரி.

"பத்து நாளைக்கு நல்லா இல்ல. நான் கொடுக்கிற கொதிச்ச தண்ணியத் தவிர எதையும் தொடாதீங்க."

"ஒலகச் சாம்பியன், பேதி வார்டுல. அலமாக், ஐயையோ."

புதன்கிழமை ஒரு சிப்பாயும் பெயர்ப் பட்டியலோடு ஒரு கிளார்க்கும் வந்தார்கள். கிளார்க் மாரியின் பெயரைப் படித்தார். நான் அட்டையைக் காட்டினேன். பிறகு இரண்டு முகத்துணிகளை எடுத்து, ஒன்றைச் சிப்பாயிடம் நீட்டி, வார்டுக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றேன். உள்ளே யாரோ ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. சிப்பாய் முகத்துணியைப் பார்த்தான். கிளார்க் பட்டியலில் ஒரு கோடு போட்டார். இருவரும் படியிறங்கிப் போனார்கள். அவர்கள் மறைந்த பிறகும் நான் முகத்துணியை நீட்டியபடியே நின்றிருந்தேன்.

உள்ளே ஓங்கரித்தது மாரிதான் என்று பின்னால் தெரிந்தது. "நடிப்பு நல்லாருந்துச்சா, மிஸ்ஸி?" என்று கேட்டார். முதல் தேதி அவருக்கு ஆஸ்பத்திரிச் சட்டை கொடுத்தார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். சண்டைக்கு முன் மாரி இடது கண்ணால் ஒரு முழ தூரத்தில் விரல்களை எண்ணினார். சண்டைக்குப் பின் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. ஒரு மாதத்தில் அதுவும் இல்லை. வாந்திபேதி வார்டு சண்டைக்கு ஒன்பது நாள் முன்பும் அங்கேதான் இருந்தது. அதே கட்டில்களும் அதே வாசலும். கூடுதலாக ஒன்பது நாள் படுக்க வைத்திருந்தால் போதும். தகுதிச் சீட்டு கேட்டார்கள் என்றதும் அதைத் தவிர வேறு சீட்டு இருப்பது என் மனத்துக்கு வரவில்லை. ஒரு பட்டியலில் இருக்கும்போது எனக்கு அடுத்த பட்டியல் தெரியாது.

பயிற்சி நர்ஸுகள் கேட்ட பதினொரு சோதனைகளைத் தனித்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏழாவதில் மட்டும் சேர்த்திருக்கிறேன்: வரிசையை ஒவ்வொரு முறையும் மாற்றவும்; அடுத்தவரை வெளிப் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டாம்.

சென்ற வாரம் மாரி ஒரு விண்ணப்பத்தோடு வந்தார். புது விதிப்படி மூலையில் நிற்க உரிமம் வேண்டுமாம். பெற்ற பட்டங்கள் என்ற இடத்தில், 'உலகப் பட்டம், இரண்டு' என்று தமிழில் எழுதியிருந்தார். உடல்நிலை என்ற பகுதியை ஆஸ்பத்திரி நர்ஸ் நிரப்பலாம்.

"எடது கண்ணு எடத்துல ஒண்ணும் போடாதீங்க, மிஸ்ஸி. வெறுமன விட்ருங்க. கேட்டாப் பாத்துக்கலாம்."

"போட்டுத்தான் ஆகணும்."

"அன்னிக்கு மட்டும் சரின்னு போட்டீங்களே."

பேனாவைத் திறந்தேன். எழுதினேன். அவர் குதிகாலை ஆட்டிக்கொண்டே, நான் எழுதி முடிக்கும்வரை வலது கண்ணால் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். தாளை வாங்கிப் படித்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தபாலில் போடப் போனார்.

மாரிமுத்து, குளுவாங்கில் ஆஸ்பத்திரி அட்டெண்டன்ட். வலது கண்: கடைசி வரிசைவரை. இடது கண்: பார்வை இல்லை. சயாமுக்குப் போன அண்ணன் திரும்பவில்லை. செட்டியார் யுத்தம் முடிந்ததும் முதல் கப்பலில் ஊருக்குப் போய்விட்டார். துண்டு என்னிடம் இருக்கிறது. விண்ணப்பத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை.